மஞ்சளில் கலந்த கந்தகம்

ரப்பர் மரத்துக்கும் சீக்கு வரும். இலையெல்லாம் உதிர்ந்து புதுத் தளிர் விடுகிற மாதத்தில், தளிரின் மேல் வெள்ளையாக ஒரு பூஞ்சணம் படரும். பிறகு தளிர் சுருண்டு கொட்டிவிடும். அதற்குக் கந்தகத்தூள் தூவுவார்கள். விடியற்காலையில், பனி ஈரம் இலையில் இருக்கும்போதே தூவினால்தான் ஒட்டும். தூவிவிட்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்புகிறவர்களைப் பார்த்தால், கோயிலில் மஞ்சள் நீராடிவிட்டு வருகிறவர்கள் மாதிரி தலை முதல் கால் வரை மஞ்சளாக இருப்பார்கள். கண் மட்டும் எரிந்து சிவந்திருக்கும்.

ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரத் துரை காரில் ஏறித் தெற்கே ஓடியபோது அந்தக் கந்தக மூட்டைகளை ஸ்டோரிலேயே விட்டுவிட்டுப் போனார். அரிசியும் உப்புக்கருவாடும்கூடத்தான் கிடந்தன. அதையெல்லாம் சனங்கள் அன்றைக்கே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். துரை பங்களாவில் இருந்த பெரிய கண்ணாடியைக்கூட ஒருவர் முதுகில் சுமந்து வந்தார். லய வீட்டு வாசலில் அது நுழையவில்லை. கடைசி வரை வெளியிலேயே சாத்தியிருந்தது. கோழிகள் அதில் தங்களையே பார்த்துக் கொத்திக்கொண்டிருக்கும். கந்தகத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அதைத் தின்ன முடியுமா?

எங்கள் தோட்டம் ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாய் சந்தியிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே இருந்தது. இன்றைக்கு அந்தச் சந்தியில்தான் கேமரன் மலைக்குப் போகிற கார்கள் வரிசையாகத் திரும்புகின்றன. அப்போது அந்த வழியாக மலைக்கு ரோடு கிடையாது. சுண்ணாம்புக் குன்றுகள், அதற்குக் கீழே ஈயம் தோண்டிய குட்டைகள், மற்றபடி எங்கு பார்த்தாலும் ரப்பர் மரம். ஜப்பான்காரர் வந்த பிறகு ரப்பரை வாங்க ஆள் இல்லை. பால் வெட்டுவது நின்றுபோனது. மரங்களுக்கு நடுவில் லாலான் புல் வளர்ந்தது. புல்லை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டோம்.

எனக்கு அப்போது மீசை சரியாக முளைக்காத வயது. பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. அப்பா அம்மா இரண்டு பேரும் காய்ச்சலில் போய்விட்டதால் ஸ்டோரை ஒட்டிய லயத்தில் தனியாக இருந்தேன். கிராணி ஐயா, அதாவது தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்க்கிறவர், ஸ்டோர் சாவியை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். படித்தவனிடம் கொடுத்தால் விற்றுவிடுவான் என்று அவர் நினைத்திருக்கலாம்.

அந்தக் காலத்தில் சொறி இல்லாத ஆளே கிடையாது. குளிக்க சோப்பு இல்லை, மாற்றிக் கட்டத் துணி இல்லை. கோணிச்சாக்கில் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு திரிந்தோம். விரல் இடுக்கு, தொடை இடுக்கு, அக்குள், எல்லா இடத்திலும் சிறு சிறு கொப்புளம். சொறியச் சொறிய சீழ் வைக்கும். இரண்டு பேர் நின்று பேசினால் நான்கு கையும் சொறிந்துகொண்டே இருக்கும். கிராணி ஐயாதான் கந்தகத்தைச் செம்பனை எண்ணெயில் குழைத்துப் போடலாம் என்று கண்டுபிடித்தார். பெரிய கடாயில் எண்ணெயைச் சுட வைத்து, தூளைக் கொட்டி, துடுப்பால் நான் கிண்டுவேன். நாற்றம் குடலைப் புரட்டும். ஆனால் போட்டவர்களுக்குச் சொறி அடங்கியது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் சனங்கள் பழைய பால் டின்னை எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

அந்தப் பேச்சு ஈப்போ வரைக்கும் போயிருக்க வேண்டும். ஒரு நாள் ஜப்பான் ஆபீசர் ஒருவர் லாரியில் வந்தார். ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடி போட்டவர். யாரையும் அடிக்கவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. ஸ்டோருக்குள் வந்து ஒரு சிட்டிகைத் தூளை எடுத்தார். காய்ந்த ரப்பர் இலை ஒன்றில் வைத்து நெருப்புக்குச்சியைக் கிழித்தார். நீலமாக, சின்னதாக ஒரு சுடர் எழும்பியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடம் எல்லாருக்கும் இருமல். ஆபீசர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு கிராணி ஐயாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

லாரி போனதும் கிராணி ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"டேய், நல்லாக் கேட்டுக்க. இந்தத் தூளு இனிமே தோட்டத்து கேட்டைத் தாண்டக்கூடாது. எண்ணெயில கொழைச்சது போலாம். காய்ஞ்ச தூளு ஒரு சிட்டிகை போச்சுன்னாலும் நம்ம ரெண்டு பேரு தலையும் போயிடும்."

"சொறிக்குப் போடுறதுதானுங்களே ஐயா?"

"உனக்குச் சொறிக்கு. காட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கான் பாரு, அவனுக்கு வெடி செய்ய. எண்ணெயில கொழைச்சுட்டா வெடிக்கு ஆவாது. தூளா போனா எந்தக் கைக்குப் போகுதுன்னு சப்பான்காரனுக்குத் தெரியாது. அதனால எந்தக் கைக்கும் போக வேணாம்கிறான்."

பொய் சொல்வானேன், அதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. எண்ணெய் மருந்து டின்னோடு தோட்டத்து அடையாளம் சூடு போட்ட ஒரு மரத்துண்டைக் கட்டிக் கொடுப்போம். சந்தியில் காவல் நிற்கிறவன் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவான். சொறி பிடித்தவர்களுக்கும் மருந்து கிடைத்தது, எங்கள் தலையும் கழுத்தில் இருந்தது.

ஆனால் சாவி இடுப்பில் இருப்பவன் பார்வை மாறித்தான் போகிறது. அதுவரை மருந்து வாங்க வருகிறவனின் சொறியைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவன் கையைப் பார்த்தேன், பையைப் பார்த்தேன். ஒரு கரண்டி கூடக் கேட்டால், எதற்குக் கேட்கிறான் என்று மனம் குடையும்.

என் அக்காவை லகாட் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அம்மா செத்த பிறகு என் தலையில் பேன் பார்த்தது, முடி வெட்டியது எல்லாம் அக்காதான். காதை இரண்டு முறை வெட்டியிருக்கிறது; அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், பால் வெட்டுகிறவர். அவர் கத்தி போட்ட மரத்தில் பட்டை காயம்படாது என்று கங்காணிகள் சொல்வார்கள். ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்காது. சாவு வீட்டில் உட்கார்ந்தும் யாரையாவது சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அவர் ஒரு நாள் காலையில் வந்தார். சைக்கிளுக்கு டயர் கிடைக்காத காலம். தண்ணீர் பாய்ச்சுகிற ரப்பர் குழாயைச் சக்கரத்தில் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார். தடக் தடக்கென்று லயம் முழுக்கக் கேட்கும்படி வந்து சேர்ந்தார்.

"என்ன மாப்ள, ஸ்டோர் துரை ஆயிட்டியாமே! சாவிய இடுப்புலயே கட்டிக்கிட்டுத் தூங்குறியாம். பொண்ணு பாக்கவே வேணாம்னு உங்கக்காகிட்டச் சொல்லிட்டேன் லா."

"உள்ள வாங்க மச்சான். அக்கா எப்படி இருக்கு? புள்ளைங்க?"

அவர் முகம் கொஞ்சம் மாறியது. "மூத்தவளுக்கு ஆத்தா எறங்கியிருக்கா. முத்து போட்டுப் படுத்திருக்கா. அது ஆத்தா பாத்துக்குவா. சின்னவனத்தான் பாக்க முடியல. சொறி. கையில, கால்ல, குஞ்சு வரைக்கும். சீழு வச்சிருச்சு. அழுது அழுது தொண்டையே கட்டிப்போச்சு."

நான் எழுந்து ஒரு டின்னில் மருந்தை அள்ளினேன். மச்சான் டின்னைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனார்.

"எண்ணெயா?"

"ஆமா மச்சான். இதுதானே மருந்து."

"வீட்டுல ஆத்தா இருக்கிறப்ப எண்ணெய வாசப்படி தாண்டிக் கொண்டு போகச் சொல்றியா? தாளிச்சுத் தின்னே நாளாச்சு. உங்கக்கா என்னைய வெளக்கமாத்தாலயே சாத்துவா."

அவர் சொன்னது எனக்கும் தெரிந்ததுதான். அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது, தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டார்கள், எண்ணெய் வாடையோடு வெளியாள் உள்ளே வர மாட்டான். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் அப்படித்தான்.

"வெளியில வச்சுத் தடவி விடுங்களேன்."

"தடவிட்டு? அவன் எங்க படுப்பான், ஒங்க கிராணி ஆபீஸ் மேசையிலயா? இருக்கிறது ஒரே அறை. தூளாக் குடு மாப்ள. வேப்பிலை, மஞ்சளோட தண்ணி விட்டு அரைச்சு உங்கக்கா போட்டுவிடுவா."

"தூளு வெளிய போகக்கூடாது மச்சான்."

"தெரியும். ஊருக்கே தெரியும். அதான் உன்கிட்ட வந்தேன்."

எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். ரப்பர் பால் பிடிக்கிற கோப்பை நிறையக் கேட்டார். ஒரு பிள்ளைக்கு அவ்வளவு எதற்கு? பக்கத்து வீடுகளிலும் சொறிகிற கைகள் இருக்கிறதாம். இருக்கும். எங்கேதான் இல்லை? ஆனால் ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டுக்குள்ளிருந்து சண்டை போடுகிற காட்டுக்காரர்கள் லகாட் பக்கம் வந்து போவதாக ஒரு பேச்சு இருந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"காட்டுக்காரனுங்க யாராச்சும் கேட்டானுங்களா மச்சான்?"

சொறிந்துகொண்டிருந்த கையை அவர் நிறுத்தினார்.

"என்னடா மாப்ள, சப்பான்காரன் கேக்க வேண்டிய கேள்விய நீ கேக்குற?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்தச் சூட்டிலேயே எழுந்து ஸ்டோரைத் திறந்தேன். அதிலும் ஒரு புத்தி பாருங்கள்: அவர் கேட்டதில் பாதிதான் அள்ளினேன். கொடுத்தவன் முழுசாகவாவது கொடுத்திருக்கலாம்.

எப்படிக் கொண்டுபோவது என்று மச்சானுக்கு யோசனையே இல்லை. துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். சந்தியில் பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"சொறி மருந்துன்னு சொல்லுவேன். அவுத்துக் காட்டுனா அவனே ஓடிப்போயிருவான். நாலு அறை விடுவான், தூளைக் கீழ கொட்டுவான். அம்புட்டுதானே? சும்மா திரும்பிப் போறதுக்கு அறை வாங்கிட்டாவது போறேன்."

அதற்கு முன்னால் அப்படி நடந்தும் இருந்தது. வேறு தோட்டத்து ஆள் ஒருவர் கொஞ்சம் தூளோடு மாட்டி, கன்னம் வீங்கி, வெறும் கையோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். போனது அந்தத் தூள் மட்டும்தான்.

மஞ்சளில் கலக்கலாம் என்று சொன்னது நான்.

"வேப்பங்கொழைய சைக்கிள்ல கட்டுங்க மச்சான். மஞ்சத்தூளு முடிச்ச முன்னால தொங்க விடுங்க. வீட்டுல ஆத்தான்னு சொன்னீங்கன்னா சப்பான்காரன் கிட்டயே வரமாட்டான். அவனுக்கு அம்மைன்னா அம்புட்டுப் பயம்."

"ஆத்தா பேரச் சொல்லியா?" அவருக்கு அது பிடிக்கவில்லை. "வேணாம்டா. அவ பேர வச்சு வெளையாடக்கூடாது."

"இதுல என்ன வெளையாட்டு? வீட்டுல ஆத்தா இருக்கா. வேப்பிலையும் மஞ்சளும் அவளுக்குத்தான் போகுது. எதுவும் பொய் இல்லையே?"

அவர் முனகிக்கொண்டே வேப்பங்குழை ஒடிக்கப் போனார். நான் வீட்டிலிருந்த மஞ்சள்தூளை எடுத்து வந்து, வாழையிலையை விரித்து இரண்டு தூளையும் கொட்டிக் கலந்தேன். மஞ்சளில் கொஞ்சம் சிவப்பு ஓடும், கந்தகத்தில் கொஞ்சம் பச்சை. கலந்தபோது இரண்டும் ஒன்றாகிவிட்டது. எனக்கே பெருமையாக இருந்தது. முடிச்சைக் கட்டி மஞ்சள் தண்ணீரில் நனைத்து, வேப்பங்குழையோடு சைக்கிள் கைப்பிடியில் தொங்கவிட்டேன்.

சந்தி வரைக்கும் கூடவே நடந்தேன். வழியில் அவர் ஒரு கதை சொன்னார். அவர் தோட்டத்துக் கங்காணி கோணிச்சாக்குக் கால்சட்டையோடு குனிந்து கும்பிடப் போய், சாக்கு கிழிந்து, காவல்காரனே சிரித்துவிட்ட கதை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாயில் எதையோ கசப்பாக மென்ற மாதிரி இருக்கிறது.

சந்திக்கு முன்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதோடு நான் நின்றுகொண்டேன். ரோட்டின் குறுக்கே மூங்கில் தடுப்பு. ஒரு ஜப்பான் சிப்பாய், ஒரு உள்ளூர் போலீஸ்காரன். பக்கத்தில் மூன்று கல் வைத்து, மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மச்சான் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குனிந்தார். போலீஸ்காரன் கேட்டான். இவர் வேப்பிலையைக் காட்டினார், முகத்தில் விரலால் புள்ளி வைத்துக் காட்டினார்.

நான் சொன்ன மாதிரியேதான் நடந்தது. சிப்பாய் பின்னால் நகர்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டான். போவென்று கை காட்டுவான் என்று பார்த்தேன். அவனோ போலீஸ்காரனைப் பார்த்துக் கத்தி, அடுப்பைக் காட்டினான். அம்மை வீட்டுப் பொருள் எதுவும் அந்த ரோட்டில் போகக்கூடாது, எல்லாவற்றையும் நெருப்பில் போடச் சொல்லியிருக்கிறான். அவன் பயத்தை நான் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தேன். பயந்தவன் என்ன செய்வான் என்று கணக்குப் போடவில்லை.

போலீஸ்காரன் குச்சியால் வேப்பங்குழையைத் தள்ளி அடுப்பில் போட்டான். படபடவென்று வெடித்துப் புகைந்தது. போனால் போகிறது, தூள்தானே, திரும்பி வருவார் என்று நினைத்தேன். ஸ்டோரில் ஆபீசர் கொளுத்திக் காட்டிய அந்தச் சிட்டிகை எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. முடிச்சு விழுந்தது. கொஞ்ச நேரம் ஈரத்துணி கருகியது. பிறகு டின்னுக்கு அடியிலிருந்து நீலமாக ஒழுகி வந்தது நெருப்பு. அப்போதுதான் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. காற்று என் பக்கம் அடித்தது. மரத்தடியிலேயே எனக்கு நெடி ஏறியது.

சிப்பாய் இருமிக்கொண்டே நெருப்பைப் பார்த்தான். பிறகு மச்சானைப் பார்த்தான்.

மச்சான் அந்த நேரத்தில் ஒன்று செய்தார். என் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார், ஈப்போ போகிற ரோட்டைப் பார்த்தபடி. அவரை மண்டி போட வைத்தபோதும், பின்னங்கழுத்தில் அடித்தபோதும் அவர் முகம் அந்தப் பக்கம்தான் இருந்தது. கூட வந்தவன் இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள, பிடிபட்டவன் கண் எங்கே போகிறது என்று அவர்கள் பார்ப்பார்களல்லவா? நான் மரத்துக்குப் பின்னாலிருந்து நகர்ந்து, ரப்பர் மரங்களுக்குள் நுழைந்து, தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். ஓடவில்லை. ஓடினால் சந்தேகம் வரும் என்று அந்த நேரத்திலும் என் புத்தி வேலை செய்தது.

கிராணி ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதவைச் சாத்தினார்.

"வாயத் தொறக்காத. போய் உங்கக்காகிட்ட மட்டும் சொல்லிட்டு வா. அவன ஈப்போவுக்குத்தான் கொண்டு போவானுங்க. அங்க உன் பேரச் சொன்னான்னா லாரி வரும். வரலன்னா சொல்லலன்னு அர்த்தம்."

மறுநாள் சந்தியைத் தொடாமல், ஈயக் குட்டைகளின் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு லகாட் போனேன். அக்கா வீட்டு வாசலில் வேப்பங்குழை செருகியிருந்தது. உள்ளே சின்னவன் அழுகிற சத்தம். தொண்டை கட்டிப்போய், கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம்.

"தம்பி, அங்கனயே நில்லு," என்று அக்கா உள்ளேயிருந்து சொன்னது. "அவரு எங்க?"

வெயிலில் நின்றபடியே சொன்னேன். எண்ணெய் வேண்டாம் என்று மச்சான் சொன்னது, தூள் கொடுத்தது, மஞ்சளில் கலக்கச் சொன்னது நான்தான் என்பது, எதையும் மறைக்கவில்லை. அக்கா வாசற்படிக்கு வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அழும், மண்ணை வாரித் தூற்றும் என்று நினைத்தேன்.

"கையில என்ன கொண்டாந்த?"

நான் எதுவும் கொண்டுபோகவில்லை. சேதியை மட்டும் எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து போயிருந்தேன்.

"எண்ணெ மருந்தாச்சும் கொண்டாந்திருக்கலாம்ல தம்பி. பொழுதெல்லாம் இவன் கத்துறான். ஆத்தாகிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டு, மரத்தடியில வச்சுப் போட்டு விட்டுருப்பேன். புள்ள கத்துறது அவளுக்கும் கேக்கும்தானே."

அப்படியானால் அந்தத் தூள் தேவையே இல்லை. மச்சான் அக்காவுக்குப் பயந்தார், நான் மச்சான் வார்த்தைக்குப் பயந்தேன். அக்காவோ ஆத்தாவுக்கே பயப்படவில்லை. அடுத்த நாள் டின் நிறைய மருந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அடையாளத் துண்டு கட்டி, சந்தி வழியாகவே. காவல்காரன் துண்டைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். சின்னவனுக்குச் சொறி ஆறிவிட்டது. மூத்தவளுக்கும் தண்ணீர் ஊற்றினார்கள்.

லாரி வரவில்லை. சந்திப் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டாலே கைவேலையைப் போட்டுவிட்டுக் காது கொடுப்பேன். சத்தம் எங்கள் பக்கம் திரும்பாமல் போய்விட்டால் அப்பாடா என்று இருக்கும். அதற்கப்புறம்தான் உறைக்கும்: லாரி வரவில்லையென்றால் அவர் இன்னும் சொல்லவில்லை. சொல்லாத ஆளை அவர்கள் சும்மாவா வைத்திருப்பார்கள்? அங்கே அவர் அடி வாங்கிக்கொண்டிருக்க, இங்கே நான் அப்பாடா என்று மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தேன்.

ஒரு முறை ஈப்போவுக்கே போனேன். அவரை வைத்திருந்த கட்டடத்துக்கு எதிரில் ஒரு சீனர் காப்பிக்கடை இருந்தது. அந்தக் கட்டடத்துக்குள் போய், மஞ்சளில் கலக்கச் சொன்னது நான்தான், எனக்குத்தான் அந்த யோசனை வந்தது என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். காப்பி என்று எதையோ கருக்கிக் கலக்கிய தண்ணீரைக் கொடுத்தார்கள். அதைக் குடித்து முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். முடித்தேன். இன்னொன்று கேட்டேன். பிறகு எழுந்து வந்த வழியே திரும்பிவிட்டேன்.

மழைக்காலம் தொடங்கியபோது அவரை விட்டுவிட்டார்கள். அக்கா சொல்லி அனுப்பியது. நான் போனபோது வாசலில் பெட்டிப்பலகை மேல் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாக இருந்தார். வலது கையை மடியில் வைத்திருந்தார். விரல்கள் பாதி மடிந்து அப்படியே நின்றன. மூடவும் வராது, விரியவும் வராது. சுற்றிலும் பக்கத்து வீட்டுச் சனங்கள்.

"வாய்யா மஞ்சப்பொடி!" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். கதை ஏற்கெனவே ஒரு சுற்றுப் போயிருந்தது. எனக்காக மறுபடியும் சொன்னார்.

"எங்க வாங்குனேன்னு கேட்டான். ஈப்போ பாசார்ல ஒரு சீனன் வித்தான், மூஞ்சி ஞாபகம் இல்லன்னுட்டேன். யாருக்குன்னு கேட்டான். சொறிக்குன்னேன். கையக் காட்டுனேன், காலக் காட்டுனேன். நான் சொறியிறதப் பாத்துப் பக்கத்துல நின்னவனும் சொறிய ஆரம்பிச்சுட்டான் லா! அவன் நம்பிட்டான்னே நெனச்சேன். அப்புறம் கேட்டான் பாரு ஒரு கேள்வி. சொறிக்குன்னா எதுக்கு மஞ்சள்ல ஒளிச்சேன்னு. தெனமும் அதத்தான் கேட்டான். அதுக்கு மட்டும் என்கிட்ட பதிலே இல்ல."

மறுபடியும் சிரிப்பு. சனங்கள் கலைந்த பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என் பேரச் சொல்லியிருக்கலாமே மச்சான்."

"சொன்னா? உன் கையும் இப்படி ஆயிடும். அப்புறம் எனக்குச் சோறு பெசைஞ்சு குடுக்கிறது யாரு?"

சோறு பிசைந்து கொடுத்தது அக்காதான். ஜப்பான்காரர் போன பிறகு மறுபடியும் பால்வெட்டு தொடங்கியது. மச்சானால் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. அக்கா தன் நிரையை, அதாவது தன் பங்கு மர வரிசையை, முடித்துவிட்டு அவர் நிரையையும் வெட்டியது. அவர் அக்கா பின்னாலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு போவார். காயம்படாமல் பட்டை சீவிய கை வாளியின் வளையத்தில் மாட்டித் தொங்கும். அதைப் பார்க்க வேண்டி வரும் என்றே நான் காலை நேரத்தில் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

எங்கள் ஸ்டோரில் மீந்த கந்தகம் ஈரம் குடித்துக் கல்லாக இறுகிப்போயிருந்தது. திரும்பி வந்த துரை அதை வெளியே தூக்கிப் போடச் சொன்னார். பிள்ளைகள் துண்டுகளைப் பொறுக்கிப் போய் லயத்து வாசலில் கட்டம் போட்டு விளையாடினார்கள். யாரும் எங்கேயும் கொண்டுபோகலாம், கேட்க ஆள் இல்லை. பிறகு சில வருடம் கழித்து அதே காட்டுக்காரர்களோடு சண்டை வந்தபோது வெள்ளைக்காரனும் இது போகக்கூடாது, அது போகக்கூடாது என்று கேட்டில் ஆள் வைத்தான். சாவியை வைத்துக்கொள்கிறாயா என்று என்னைக் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஈப்போவுக்கு வந்து மூட்டை தூக்கினேன்.

அந்தப் பால் கோப்பை அளவு தூள் எல்லாமே சொறிக்குத்தானா, அதில் கொஞ்சம் காட்டுக்குப் போக இருந்ததா? மச்சானிடம் நான் மறுபடி கேட்டதே இல்லை. அவராகவும் சொல்லவில்லை. கேட்காமல் இருந்ததை மரியாதை என்று சொல்லலாம். ஆனால் ஈப்போ சிலிபினில் என் வீட்டு வாசலில் இந்த வயதில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கேள்வி திரும்ப வருகிறது. எனக்காகக் கையைக் கொடுத்த மனிதரை இன்னும் சந்தேகப்படுகிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட்டாலும் அது போகவில்லை.

மஞ்சப்பொடி என்ற பேர் எனக்கு நிலைத்துவிட்டது. அக்கா பிள்ளைகள் மஞ்சப்பொடி மாமா என்றார்கள். என் மகனின் கூட்டாளிகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள், ஏனென்று தெரியாமலேயே. கல்யாண வீடு, திருவிழா எங்கே பார்த்தாலும் மச்சான் இடது கையைத் தூக்கி, "வாய்யா மஞ்சப்பொடி," என்பார். நானும் சிரிப்பேன். அவர் கோபத்தோடு ஒரு முறையாவது அதைச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர் லகாட் வீட்டில், வயதாகித்தான் போனார். தாலி இறக்குவதற்கு முன்னால் பொம்பளைக்குக் கடைசியாக ஒரு முறை மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பூ வைப்பார்கள். அதற்குக் கோடிச் சேலையும் மஞ்சளும் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான்.

ஈப்போ கடையில் சேலை வாங்கினேன். மஞ்சளுக்குப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்கள், அரைத்த தூள். எனக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை. கிழங்காகக் கேட்டு வாங்கி, அக்கா வீட்டுக் கொல்லைக் கல்லில் நானே உரைத்தேன். "மருமகளுங்க இருக்காங்க, குடுங்க மாமா," என்று சின்னவன் வந்து கேட்டான். அவனுக்கே அப்போது தலை நரைத்திருந்தது. நான் கொடுக்கவில்லை. விரல் நகமெல்லாம் மஞ்சளாகும் வரை உரைத்து, வெற்றிலையில் வழித்து எடுத்துக்கொண்டு போய் அக்கா முன்னால் வைத்தேன்.

பூசிவிட ஒரு பெண் கை நீட்டினாள். அக்கா அவளைத் தடுத்து, வெற்றிலையைத் தன் கையில் எடுத்தது. மூக்குக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தது. அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு அது ஒன்றும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னொரு முறை முகர்ந்தது. பிறகு வெற்றிலையை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, பூசிக்கொள்ள முகத்தைக் காட்டியது.